நான்காவது கட்டம்

தெருவிளக்குத் துறையின் தலைமை அலுவலகத்தில் வேலை பார்க்கும் அறுபத்து மூன்று பேரின் ஈறுகளும் இனிமேல் இலை, பட்டை, வேர் ஆகியவற்றால் மட்டுமே பராமரிக்கப்படும் என்று ஒரு திங்கட்கிழமை காலை சுற்றறிக்கை வந்தது. தெருவிளக்குக்கும் ஈறுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்கவில்லை. அப்படிக் கேட்கிறவர்களை அந்த அலுவலகம் வேலைக்கு எடுப்பதில்லை.

இயக்குநர் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்திருந்தார். போன வருஷம் இப்படித்தான் ஒரு பயிற்சிக்குப் போய்வந்து, நாற்காலிகளையெல்லாம் அப்புறப்படுத்தி எல்லோரையும் நின்றுகொண்டே வேலை செய்யச் சொன்னார். இரண்டு பேருக்கு முட்டி போனதுதான் மிச்சம். இந்தத் தடவை ஈறோடு விட்டாரே என்று எல்லோரும் பெருமூச்சு விட்டார்கள்.

பெருமூச்சு விடாதவர் ஒருவர்தான். படிவக்காரர் என்று அவரைச் சொல்வார்கள். இருபத்தாறு வருஷமாகத் துறையின் படிவங்களை வரைகிறவர். அவருக்கு மேல்வரிசை முன்பல் ஒன்று ஆட்டம் கண்டிருந்தது. பல் துலக்கினால் ரத்தம் வரும். ரொட்டியைக் கடித்தாலும் வரும். போன வியாழக்கிழமைதான் அரசுப் பல் மருத்துவமனையில் டாக்டரம்மா பார்த்துவிட்டுச் சொன்னார்:

"கொய்யா இலைக் கஷாயத்துல கொப்பளிங்க, வேண்டாங்கல. உப்புத் தண்ணியிலயும் கொப்பளிங்க. வீக்கம் கொஞ்சம் கேக்கும். ஆனா ஈறுக்கு அடியில காரை கட்டிக் கிடக்கு. அதைச் சுரண்டி எடுக்கறது என் வேலை, இலையோட வேலை இல்ல. இன்னிக்கு நேரமாயிடுச்சு, பாக்க மட்டும்தான் முடிஞ்சுது. ஒரு மாசத்துக்குள்ள ஏதாவது ஒரு வியாழக்கிழமை வாங்க. வந்தா பல் உங்களுக்கு. வரலைன்னா குப்பைத் தொட்டிக்கு."

மாதத்துக்கு நாலு வியாழக்கிழமை. மருத்துவமனை அலுவலக நேரத்தில் மட்டும் திறந்திருக்கும். ஆகவே ஒரு நாள் விடுப்பு வேண்டும், அவ்வளவுதான் விஷயம்.

விடுப்புக் கேட்கப் போவதற்குள் இயக்குநரே கூப்பிட்டனுப்பினார். ஒவ்வொருவர் ஈறின் நிலையையும் வாராவாரம் பதிய ஒரு படிவம் வேண்டுமாம். படிவக்காரர் மத்தியானத்துக்குள் வரைந்துகொண்டு போனார். நாலு கட்டம்: குணமாகிவிட்டது, குணமாகி வருகிறது, குணமாகப் போகிறது, குணமாகவில்லை.

"கடைசியில இது என்ன?" என்றார் இயக்குநர்.

"குணமாகாதவங்களுக்கு சார்."

"இயற்கை வைத்தியத்துல குணமாகாததுன்னு ஒண்ணு உண்டா?"

"இல்லதான் சார். ஒருவேளை..."

"அப்போ அந்தக் கட்டம் காலியாத்தானே கிடக்கும்?"

அந்தக் கேள்வி படிவக்காரரைச் சரியான இடத்தில் தைத்தது. காலிக் கட்டம் என்றால் அவருக்கு உடம்பெல்லாம் கூசும். இருபத்தாறு வருஷத்தில் அவருடைய படிவம் எதிலும் ஒரு கட்டம் சும்மா கிடந்ததில்லை. உடனே அளவுகோலை எடுத்து நாலாவதைத் தூக்கிவிட்டு, அந்த இடத்தை மற்ற மூன்றுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தார். படிவம் பார்க்க லட்சணமாக வந்தது. அவரே அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்து ரசித்தார்.

அடுத்த வாரமே அலுவலகத்தின் முகம் மாறிவிட்டது. தாழ்வாரத்தில் பழுதான விளக்குகளின் கோப்புகள் இருந்த அலமாரிகள் போய், கொய்யாவும் கற்றாழையும் தொட்டிகளில் வந்து உட்கார்ந்தன. காலை பத்து முதல் பதினொன்று வரை கொப்பளிப்பு நேரம். விளக்கு எரியவில்லை என்று புகார் சொல்ல வந்தவர்கள் அதுவரை வெளியே நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். யார் எந்த இலை மெல்லுகிறார் என்பதில் அந்தஸ்து வந்துவிட்டது. கிராம்பு மெல்லுகிறவர்கள் புதினா மெல்லுகிறவர்களோடு சாப்பிட உட்காருவதில்லை. தட்டச்சு அம்மா மட்டும் எதையும் மெல்லாமல் வேலையைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாமே கட்டுப்பல். படிவத்தில் அவள் பெயர்தான் முதலில் குணமானது.

படிவக்காரரும் மனதார எல்லாவற்றையும் செய்து பார்த்தார். வீக்கம் கொஞ்சம் குறைந்தது. பல்லின் ஆட்டம் குறையவில்லை. மூன்று வியாழக்கிழமைகள் விடுப்பு மனுவுக்குப் பதிலை எதிர்பார்த்தே கழிந்தன. கடைசியில் நேரிலேயே போய் நின்றார்.

"எதுக்கு விடுப்பு?" என்றார் இயக்குநர்.

"ஈறு வைத்தியத்துக்கு சார்."

"நீங்க மூணாவது கட்டத்துல இருக்கீங்க. குணமாகப் போகுது. குணமாகப் போறவருக்கு டாக்டர் எதுக்கு?"

"குணமாகாம போயிட்டா சார்?"

"அதுக்குக் கட்டம் இருக்கா?"

"இல்ல சார்."

"யார் எடுத்தது?"

"நான்தான் சார்."

"பாத்தீங்களா?" என்றார் இயக்குநர் அன்பாக.

வீட்டில் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். "வயித்து வலின்னு எழுதிக் குடுத்துட்டுப் போங்களேன்! தெருவிளக்கு ஆபீஸ்ல இருந்துக்கிட்டு நம்ம வாசல் விளக்கையே மூணு மாசமா எரிய வைக்கத் துப்பில்ல. பல்லையாவது காப்பாத்திக்குங்க."

அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு படிவத்தில் பொய் எழுதினார். வயிற்று வலிக்கு உடனே விடுப்புக் கிடைத்தது.

நாலாவது வியாழக்கிழமை மருத்துவமனைக்குப் போனால், தெருவிளக்குத் துறையே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தது. பதினோரு பேர். பதினோரு பேருக்கும் அன்றைக்கு வயிற்று வலி. ஓரத்தில் ஒரு கன்னம் உப்பிப்போய், மடியில் கோப்போடு இயக்குநர்.

"நான் ஆய்வுக்கு வந்தேன்" என்றார் இயக்குநர்.

"ஆமாம் சார்" என்றார் படிவக்காரர்.

படிவக்காரரிடம் நாலாம் நம்பர் சீட்டு இருந்தது. இயக்குநருக்கு ஒன்பது. யாரும் அவரை எழுந்திருக்கச் சொல்லவில்லை. அவரேதான் எழுந்தார். "நீங்க முதல்ல போங்க சார்." இயக்குநர் போனதும் துணை இயக்குநரைப் பார்த்தார், பிறகு கண்காணிப்பாளரை. பணிமூப்புப் பட்டியலை வரைந்ததே அவர்தான்; மனப்பாடம். அதன்படி ஒவ்வொருவரையும் உள்ளே அனுப்பிவிட்டு, எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்ற திருப்தியோடு நின்றார். பன்னிரண்டரைக்கு டாக்டரம்மா கையுறையைக் கழற்றிக்கொண்டே வெளியே வந்தார்.

"நாலாம் நம்பர் யாரு? கூப்பிட்டுக் கூப்பிட்டு என் வாய் வலிக்குது. இனிமே அடுத்த வியாழன்தான்."

அடுத்த வியாழன் வரை பல் பொறுக்கவில்லை. திங்கட்கிழமையே மேலிடத்துச் செயலாளர் விழாவுக்கு வந்துவிட்டார். முன்மாதிரி ஈறு அலுவலகம் என்று கேடயம் கொடுக்கத்தான். வியாழனன்று சுரண்டிக்கொண்டவர்கள் எல்லோரும் முதல் கட்டத்தில் ஜொலித்தார்கள். இலையின் மகிமையைப் பற்றி இயக்குநர் முக்கால் மணி நேரம் பேசினார். பிறகு படிவத்தை உருவாக்கியவரை மேடைக்கு அழைத்து, ஒரு கொய்யாக் குச்சியைக் கையில் கொடுத்தார்.

"நல்லா கடிச்சுக் காட்டுங்க."

படிவக்காரர் கடித்தார். குச்சி வெளியே வந்தபோது பல்லும் கூடவே வந்தது.

செயலாளர் இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் ஒரு நொடிதான் யோசித்தார்.

"உங்களுக்கு ஈறு நோய் எந்தப் பல்லுக்கிட்ட?"

"இந்தப் பல்லுக்கிட்டதான் சார்."

"அந்தப் பல் இப்போ அங்க இருக்கா?"

"இல்ல சார்."

"பல்லே இல்லாத இடத்துல ஈறு நோய் எங்கேயிருந்து வரும்?"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. படிவக்காரர் அங்கேயே, ரத்தம் துடைத்த கையால், தன் பெயருக்கு நேரே முதல் கட்டத்தில் குறி போட்டார். பல்லைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். நாற்பத்து நாலு வருஷம் கூட இருந்த பல். அழுகை வந்தது. மேடையில் அழக் கூடாது என்று சிரித்தார். அந்தப் படம்தான் மறுநாள் பேப்பரில் வந்தது.

செயலாளருக்குக் கேடயத்தைவிடப் படிவம் பிடித்துப்போயிற்று. இவ்வளவு நல்ல படிவத்தை ஈறோடு நிறுத்துவானேன், விளக்குப் புகாருக்கும் வையுங்கள் என்று உத்தரவு போட்டார். படிவக்காரர் ஒரே நாளில் வரைந்து கொடுத்தார்: எரிகிறது, எரியத் தொடங்கிவிட்டது, எரியப் போகிறது.

மனைவிதான் முதல் ஆளாக ஒன்றை வாங்கி நிரப்ப உட்கார்ந்தாள்.

"எரியலைன்னு எங்க போடறது?"

"அதுக்குக் கட்டம் இல்ல."

"யார் எடுத்தது?"

படிவக்காரர் வாயைத் திறந்தார். இடைவெளி வழியாகக் காற்றுதான் வந்தது. குறி போடாத படிவத்தை வாங்கமாட்டார்கள் என்பது அவளுக்கும் தெரியும். மூன்றாவது கட்டத்தில் குறி போட்டுக் கையெழுத்துப் போட்டாள். பக்கத்து வீட்டாரும் அப்படியே போட்டார்கள். ஒரு மாதத்தில் ஊரே போட்டுவிட்டது.

பிறகு இருட்டில் ஜனங்கள் தடுக்கி விழத் தொடங்கினார்கள். இயக்குநர் அதைத் தீவிரமாக ஆராய்ந்தார். விளக்கு எரியப் போகிறது என்று ஊரே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கும்போது, விழுகிறவர்களுக்குக் கண்ணில்தான் கோளாறு இருக்க வேண்டும். கண்ணுக்கு என்னென்ன இலை என்று ஒரு பட்டியல் தயாராயிற்று. படிவக்காரரை உள்ளே கூப்பிட்டார்கள்.

அவர் அளவுகோலோடுதான் போனார்.

"மூணு கட்டம்தானே சார்?" என்றார்.