சாணி இன்ஜினியரின் அடுப்பு

தீக்குச்சியை நீட்டியதும் அடுப்பு 'புஸ்' என்றது. அதோடு குச்சியும் அணைந்துபோனது.

"இன்னைக்கும் இல்லையா?" என்றாள் மனைவி.

"வாயு வருது. எரியத்தான் மாட்டேங்குது."

"நாத்தம் மட்டும் குறையில்லாம வருது."

கொல்லைப்புறத்தில் ஒரு கறுப்புத் தொட்டி உட்கார்ந்திருந்தது. காய்கறித் தோல், மிச்சம் மீதி எதைப் போட்டாலும் சமையல் வாயுவாக மாற்றித் தரவேண்டிய தொட்டி. இதைச் செய்து விற்றே பிழைத்துக்கொள்ளலாம் என்று நம்பித்தான் அவர் மெக்கானிக் ஒர்க்‌ஷாப் வேலையை உதறினார். தெருவில் இப்போது அவர் பெயர் 'சாணி இன்ஜினியர்'.

தொட்டிக்குத் தீனி போதவில்லை என்று ஓட்டல் ஓட்டலாகப் போய் மிச்சத்தைச் சுமந்து வந்து கொட்டினார். தொட்டி புளித்தது. புளிப்பை முறிக்கச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினார். நுரை பொங்கிப் பக்கத்து வீட்டு வாசல்வரை ஓடியது. இன்னும் சாணி வேண்டும் என்று யாரோ சொல்ல, அதையும் கரைத்தார். பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல்களுக்கு ஆணி அடித்துவிட்டார். மாமியார் மூக்கிலிருந்து முந்தானையை எடுப்பதே இல்லை.

கடைசியில் மனம் விட்டுப்போய், தொட்டிப் பக்கமே போகாமல் படுத்துக்கிடந்தார். நாட்கள் ஓடின. அப்போது பார்த்துப் பெண்கள் விடுதி ஒன்றிலிருந்து போன் வந்தது.

"அடுப்பு எரியறதைக் கண்ணால பாத்துட்டா ஆர்டர் உங்களுக்குத்தான். நாளைக்கு வரட்டுமா?"

"வாங்க மேடம்" என்று வாய் சொல்லிவிட்டது.

"எதைக் காட்டப் போறீங்க?" என்றாள் மனைவி.

விடிந்ததும், சமையலறை சிலிண்டரை உருட்டிப்போய்த் தொட்டிக்குப் பின்னால் மறைத்தார். அதன் டியூபைத் தொட்டிக் குழாயோடு சேர்த்து, சிலிண்டரைத் திறந்துவிட்டார். யாரும் சந்தேகப்படக் கூடாதென்று தொட்டியின் குழாயையும் திறந்தே வைத்தார்.

மேடம் வந்தார். அடுப்பு குப்பென்று பற்றி, நீலமாக நின்று எரிந்தது.

"அருமை சார். எங்க பொண்ணுங்க இனிமே இதுல சமைச்சுத்தான் சாப்பிடப் போறாங்க."

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்னங்க, சாதிச்சுட்டீங்க" என்றாள். வேலையை விட்டதிலிருந்து அவள் அவரைப் பார்த்துச் சிரித்தது அப்போதுதான். அதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை.

"மேடம், இது தொட்டி வாயு இல்லை. பின்னாடி சிலிண்டர் ஒளிச்சு வச்சிருக்கேன். உங்களை ஏமாத்தப் பாத்தேன்."

மேடம் கைப்பையை எடுத்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். மனைவி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அடுப்பை அணைக்கக்கூடத் தெம்பில்லாமல் அவர் அதன் முன்னாலேயே குந்திவிட்டார்.

மாமியார் மெதுவாகப் பக்கத்தில் வந்தார்.

"ஏன் மாப்பிள்ளை அப்படிச் சொன்னீங்க? காலையில துணி காயப்போடப் போனப்ப சிலிண்டர் தொறந்து கிடந்துச்சு. அவங்க வர்றதுக்கு முன்னாடியே நான் இறுக்கி மூடிட்டேனே."