வெள்ளையை விட்டவர்

அன்று காலை அடுப்பிலிருந்து வந்த முதல் பன்னைப் பேக்கரிக்காரர் தின்னவில்லை. கையில் எடுத்தார், இரண்டாகப் பிட்டார், ஆவியை ஆசையாக முகர்ந்தார். பிறகு தட்டிலேயே திரும்ப வைத்துவிட்டார்.

கடை வாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். கடை திறந்த நாளிலிருந்து முதல் பன்னை அவர்தான் எல்லோரும் பார்க்க நின்று தின்பார். தின்று முடித்து மீசையைத் துடைத்தால்தான் வியாபாரம் ஆரம்பம். விளம்பரப் பலகைக்கு ஆகும் செலவை அந்த மீசை இத்தனை வருஷம் மிச்சப்படுத்தியிருந்தது.

"என்ன முதலாளி, பன் சரியில்லையா?" என்றார் ஹெட்மாஸ்டர். விடுதியோடு சேர்ந்த பள்ளிக்கூடம் அவருடையது. விடுதிப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் காலை பன் இந்தக் கடையிலிருந்துதான் போகிறது. அந்த ஒரு ஆர்டர் போனால் கடையில் பாதி போன மாதிரி.

"பன்னுக்கு என்ன சார், பஞ்சு மாதிரி இருக்கு. எனக்குத்தான் வயிறு கொஞ்சம் மந்தமா இருக்கு."

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?"

"நேத்தா? நம்ம பன்தான்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. ஹெட்மாஸ்டர் தன் பையை மெதுவாகச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கல்லாவில் உட்கார்ந்திருந்த மனைவி கணவனைப் பார்த்த பார்வையில் அடுப்பே அணைந்திருக்கும்.

விஷயம் இதுதான். தலை சுற்றுகிறது என்று போன மாதம் டாக்டரிடம் போயிருந்தார். ரத்த அழுத்தம் என்று இரண்டு வகை மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டர். தலைசுற்றல் குறைந்து, அந்த இடத்துக்கு அரிப்பு வந்து சேர்ந்தது. ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருந்த டாக்டர், நேற்று மதியம் போன் செய்தார். பேக்கரிக்காரர் அப்போது மைதா மாவுக்குள் இருந்தார். மாவு பிசையும் இயந்திரம் தடதடத்துக்கொண்டிருந்தது. போனை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டவன் மச்சினன், அதாவது மனைவியின் தம்பி. அடுப்பு வேலை அவனுடையது.

"அரிப்பு எதனாலன்னு தெரிஞ்சுடுச்சு" என்றார் டாக்டர். "வெள்ளைதான் உங்களுக்கு ஒத்துக்கலை."

பேக்கரிக்காரர் தன் கைகளைப் பார்த்தார். விரல் நுனியிலிருந்து முழங்கை வரை வெள்ளை. அரித்ததும் சரியாக முழங்கை வரைதான்.

"வெள்ளையை இன்னையோட விட்டுடுங்க. பச்சையை மட்டும் சாப்பிடுங்க."

"சுத்தமா விடணுமா டாக்டர்?"

"சுத்தமா."

"பச்சையை எத்தனை வேளை சாப்பிடறது?"

"காலையில, ராத்திரி. மத்தியானம் வேண்டாம். மூணு மாசம் கழிச்சு வாங்க."

வைத்துவிட்டார். பேச்சுக்குத் தனியாகக் கட்டணம் வாங்க முடியாத வருத்தத்தில் அளந்து பேசுகிறவர் அந்த டாக்டர்.

வேறு யாராவது இருந்தால் இரண்டு நாள் கடைப்பிடித்துவிட்டு மூன்றாம் நாள் கேக்கில் கை வைத்திருப்பார்கள். பேக்கரிக்காரரால் முடியாது. அவருடைய அப்பா இதே அடுப்புக்கு முன்னால்தான் ஒருநாள் சுருண்டு விழுந்தார், எழுந்திருக்கவில்லை. அப்போது அப்பாவுக்கு இருந்த வயசு இப்போது இவருக்கு. வெளியே சொல்லிக்கொள்ளாவிட்டாலும், அவருக்குச் சாவதற்குப் பயமாக இருந்தது.

போன் வந்த அன்று மாலையே வீட்டிலிருந்த வெள்ளையெல்லாம் வெளியேறியது. அரிசி, பால், தயிர், சர்க்கரை, முட்டை, கடைசியில் உப்பும். கீரையே மருந்து என்று ஆன பிறகு மாத்திரை எதற்கு என்று, மிச்சமிருந்த அட்டைகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடி, அலமாரி மேல் தட்டில் ஏற்றிவிட்டார்.

ராத்திரி சாப்பாட்டு மேஜையில் தகராறு ஆரம்பித்தது.

"வெள்ளரிக்காய் பச்சைதானே?" என்றாள் மனைவி.

"தோல் பச்சை. உள்ள வெள்ளை. பேர்லயே வெள்ளை இருக்கு பாரு."

"அப்ப முட்டைகோஸ்?"

"அதோட பேர்ல முட்டை இருக்கு."

"உங்க பனியன்கூட வெள்ளைதான். அதையும் கழட்டி எறிஞ்சுடுங்க."

அவர் வெள்ளரித் தோலை மட்டும் மென்றார். உள்ளே இருந்ததை மச்சினன் தின்றான். வீட்டை விட்டு வெளியேறிய பால், தயிர், முட்டை எல்லாம் வெகுதூரம் போய்விடவில்லை, அவன் வயிற்றுக்குத்தான் போயிருந்தன.

ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த மனைவி, அவருக்குத் தெரியாமல் டாக்டருக்குப் போன் போட்டாள்.

"டாக்டர், நிஜமாவே வெள்ளையை விட்டுத்தான் ஆகணுமா? கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கட்டுமே."

"விடச் சொன்னா விடணும்மா. அவருக்குப் பச்சை போதும்."

"பச்சை தொண்டையில இறங்க மாட்டேங்குதாம்."

"தண்ணி நிறைய குடிக்கச் சொல்லுங்க, இறங்கிடும்."

அதன் பிறகு அவளும் வாயை மூடிக்கொண்டு கீரை ஆயத் தொடங்கினாள். பேக்கரிக்காரர் ஒரு வாய் கீரை, ஒரு வாய் தண்ணீர் என்று உள்ளே தள்ளினார். மத்தியானத்தில் பட்டினி கிடந்தார். பசி மயக்கத்தில் கேக்கின் மேல் வாழ்த்து எழுதும்போது கை தானாக "கீரை" என்று எழுதியது. பிறந்தநாள் கொண்டாட வேண்டிய குழந்தை அதைப் பார்த்து அழுதுகொண்டே போனது.

வீட்டைச் சமாளித்துவிடலாம். கடை வாசலில்தான் சிக்கல். முதல் பன் தின்னப்படாமல் கிடந்த செய்தி அன்றைக்கே தெரு முழுக்கப் போய்விட்டிருந்தது.

"என் மச்சினன் தின்பான், பாருங்க" என்று மறுநாள் அவனை முன்னால் நிறுத்தினார். அவன் ஒரே வாயில் முடித்துவிட்டு அடுத்ததற்குக் கையை நீட்டினான்.

"இவன் தின்னா என்னய்யா அர்த்தம்?" என்றார் ஹெட்மாஸ்டர். "பன்னைச் சுத்தின பேப்பரைக் கொடுத்தாலும் தின்பான். நீங்க சாப்பிடுங்க."

வேறு வழியில்லாமல் அடுத்த நாள் பேக்கரிக்காரரே தின்றார். தின்பது போலக் காட்டினார் என்பதுதான் சரி. ஒவ்வொரு துண்டையும் வாய் வரை கொண்டுபோய், மீசையைத் துடைக்கிற சாக்கில் சட்டைக்குள் தள்ளினார். கூட்டம் திருப்தியோடு பையை விரித்தது. பன் எடுத்துப் போடுவதற்கு அவர் குனிந்தபோது, சட்டையிலிருந்து பன் துண்டுகள் ஒவ்வொன்றாகக் கண்ணாடிப் பெட்டி மேல் விழுந்தன. கடைசியாக ஒரு கொத்துக் கீரையும் விழுந்தது.

"முதலாளி" என்றார் ஹெட்மாஸ்டர், ரொம்ப மெதுவாக. "என்ன நடக்குதுன்னு பச்சையா சொல்லுங்க."

அந்த வார்த்தையைக் கேட்டதும் அவர் தண்ணீர்ச் செம்பைத் தேடினார். இனி மறைத்துப் பயனில்லை என்று உண்மையைப் போட்டு உடைத்தார். "டாக்டர் வெள்ளையை விடச் சொல்லிட்டார் சார். வெறும் பச்சைதான் சாப்பிடணுமாம்."

உண்மை சொன்னால் மனசு லேசாகும் என்பார்கள். கல்லாதான் லேசானது.

"இத்தனை வருஷம் மாவுலயே கிடந்தவருக்கே ஆகலையாம். நமக்கு எங்க ஆகப்போகுது?" என்று ஒருவர் கையில் வாங்கிய ரஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தார். பின்னால் நின்றவர், ரஸ்க் தின்ற நாளிலிருந்து தனக்கும் அரிக்கிறது என்றார். அப்படியே சொறிந்தும் காட்டினார். அதைப் பார்த்த இன்னும் இரண்டு பேருக்கு அரித்தது.

அன்று ராத்திரி பேக்கரிக்காரருக்கு ஒரு யோசனை தோன்றியது. அவர் வாழ்க்கையில் தோன்றிய யோசனைகளிலேயே மோசமானது அது. வெள்ளைதானே பிரச்சினை? பன்னையே பச்சையாகச் செய்துவிட்டால்?

"மாமா, வேண்டாம்" என்றான் மச்சினன். எதையும் தின்கிற அவனே சொன்னதை அவர் கவனித்திருக்க வேண்டும்.

கீரையை அரைத்து மாவில் ஊற்றினார். அடுப்புக்குள் போகும்போது மாவு கிளிப்பச்சையில் அழகாகத்தான் இருந்தது. வெந்து வெளியே வந்தபோது, மேலே அங்கங்கே சாம்பல் கலந்த பச்சையில் திட்டுத் திட்டாக இருந்தது. நம்பிக்கை மட்டும் குறையாமல், விடுதிக்கு அன்றைய ஆர்டர் முழுவதையும் பச்சை பன்னாகவே அனுப்பி வைத்தார்.

பத்து மணிக்கு ஹெட்மாஸ்டரே வந்தார். பன்கள் அத்தனையும் கூடையிலேயே இருந்தன.

"பூஞ்சை பிடிச்ச பன்னையா பிள்ளைங்களுக்கு அனுப்புவீங்க?"

"ஐயோ சார், அது பூஞ்சை இல்ல. கீரை."

"கீரைன்னா நீங்க ஒண்ணு தின்னுங்க பார்ப்போம்."

பேக்கரிக்காரர் பன்னை எடுத்தார். வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனார். கீரை என்னவோ பச்சைதான். ஆனால் உள்ளே இருப்பது மைதா. அவர் கை அங்கேயே நின்றுவிட்டது. அப்பா விழுந்து கிடந்த இடம் கண்ணில் பட்டது.

ஹெட்மாஸ்டர் கூடையைக் கீழே வைத்தார். நாளையிலிருந்து பன் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று மாதம் முடிவதற்குள் கடையில் ஒரு அடுப்புதான் எரிந்தது. கண்ணாடிப் பெட்டியில் ஈ ஓட்டுகிற வேலை மட்டும் குறைவில்லாமல் நடந்தது. பேக்கரிக்காரர் பாதியாக இளைத்திருந்தார். அவர் இழந்த பாதி மச்சினன் உடம்பில் பத்திரமாக இருந்தது.

மனைவியோடு டாக்டரிடம் போனார். டாக்டர் கையில் பட்டையைச் சுற்றி அழுத்தம் பார்த்தார். இன்னொரு தரம் பார்த்தார். அபூர்வமாகச் சிரித்தார்.

"பிரமாதம். அரிப்பு?"

"போயிடுச்சு டாக்டர்."

"வெள்ளையை நிறுத்தினதுதான் காரணம். பச்சை உங்களுக்கு நல்லா கேக்குது. விடாம சாப்பிடுங்க."

"எத்தனை நாளைக்கு டாக்டர்?"

"ஆயுசுக்கும்."

ஒரே ஒரு பன், வாரத்துக்கு ஒன்று, அதுவும் சின்னதாக, என்று கேட்பதற்கு அவர் வாயைத் திறந்தார். அதற்குள் டாக்டர் மணியை அடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

வெளியே பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவருக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

"உயிர் தப்பிச்சாச்சு. அது போதும்" என்றார். "கடையைக் கொடுத்துடலாம். தான் தின்னாததை ஊருக்கு விக்கிறது எனக்கு முடியலை."

"யாருக்குக் கொடுக்கறது?"

"உன் தம்பிக்கே கொடுத்துடலாம்."

"அவன் கடையையே தின்னுடுவான்" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அவளும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் கையைப் பிடித்து எழுப்பினாள். "நீங்க இருக்கீங்கல்ல. கடை போனா போகட்டும். காய்கறி வித்துப் பிழைச்சுக்கலாம்."

கட்டணம் கட்டுவதற்காக மருந்துக் கவுண்டரில் நின்றார்கள். உள்ளேயிருந்த பெண் அவருடைய சீட்டைப் பார்த்தாள். திரும்பி அலமாரியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"ஏன் சார், வெள்ளை மாத்திரையை மட்டும்தானே டாக்டர் விடச் சொன்னார், பச்சை மாத்திரை வாங்கறதுக்கும் ஏன் வரவே இல்ல?"