சித்தப்பாவின் சான்றிதழும் தலைவரின் நெற்றியும்

அன்பு மகள் ராத்ரிக்கு, சித்தப்பா கார்ஜோ எழுதுவது. நானும் உன் சித்தியும் எட்டுக் கோழிகளும் இறைவன் கருணையால் சுகம். சுரபாயாவில் உன் மணப்பெண் அலங்காரக் கடை மேன்மேலும் செழிக்கட்டும்.

ஞாயிற்றுக்கிழமை லிந்தாங் கல்யாணத்துக்கு அலங்காரம் செய்ய வரட்டுமா என்று கேட்டாயாம். வேண்டாம் தாயே, அலையாதே. அந்தப் பொறுப்பு என்னிடம் வந்துவிட்டது. பெண்ணின் அப்பா, அதுதான் நம்ம ஊர்த் தலைவர் விர்யோனோ, "உள்ளூர் மனித வளத்தை வளர்ப்பதே ஊராட்சியின் கடமை, இனி எந்த வேலைக்கும் வெளியாள் கிடையாது, நம்ம பயிற்சியில் சான்றிதழ் வாங்கியவரே செய்யணும்" என்று கூட்டத்தில் முழங்கிவிட்டார். கெளுத்தி வளர்ப்பு, தையல், கணினி, மணப்பெண் அலங்காரம் என்று பதினோரு பயிற்சியிலும் விடாமல் உட்கார்ந்தவன் ஜாவாவிலேயே நான் ஒருவன்தான். மத்தியானச் சாப்பாட்டுப் பெட்டிக்காகப் போனான் என்பதெல்லாம் வயிற்றெரிச்சல் பேச்சு. கோழி வறுவல் நன்றாகத்தான் இருந்தது, அது வேறு. என்னோடு அலங்காரம் படித்த ஒன்பது பெண்களும் மலேசியாவுக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். ஊரில் மிஞ்சிய ஒரே வளம் உன் சித்தப்பா.

"கார்ஜோ, உங்களால முடியுமா?"ன்னு தலைவர் சபையில கேட்டார். பெரியவங்க கேட்டா நம்ம ஊர்ல எவன் முடியாதுன்னு சொல்லியிருக்கான்? "ஆகட்டுங்க"ன்னேன். லிந்தாங்தான் குதிச்சா: "அப்பா, இவர் கையில முகத்தைக் குடுக்கிறதுக்கு நான் கல்யாணமே பண்ணிக்காம இருந்துடறேன்! முதல்ல வேற யாருக்காவது போட்டுக் காட்டச் சொல்லுங்க!"

"ஐயா, சபையிலயே உங்க நெத்திதான் அகலம்"னேன். அவருக்கும் முடியாதுன்னு சொல்ல வாய் வரலை. "ஆகட்டும்"னு உட்கார்ந்துட்டார்.

நம்ம ஜாவா மணப்பெண்ணுக்கு நெத்தியில வளைவு வளைவா வரையற கறுப்பு மை கைவசம் இல்லை. அதனாலென்ன, சித்தியோட தலைச்சாயத்தை எடுத்தேன். அது என் சொந்தக் கண்டுபிடிப்பு. நடுவுல பெரிய வளைவு, ரெண்டு பக்கமும் சின்ன வளைவு. அந்தக் காலத்து மஜாபாகித் அரண்மனை ராணியே இறங்கி வந்தாப்ல இருந்தார், மீசை மட்டும் கொஞ்சம் இடிச்சுது. கண்ணாடியைப் பார்த்த தலைவர் பூரிச்சுப்போய் ரெண்டு கையாலயும் நெத்தியைப் பொத்திக்கிட்டார். லிந்தாங் கண்ணுல தாரை தாரையா ஆனந்தக் கண்ணீர். உன் சித்திதான், "யோவ், அது பதினஞ்சு நாளைக்குப் போகாதுய்யா!"ன்னு பொறாமையில கத்தினா.

ஆக, நீ நிம்மதியாகக் கடையைப் பார். உனக்கு நீண்ட ஆயுளும், பொறுமையுள்ள ஒரு மாப்பிள்ளையும் அமையட்டும்.

இப்படிக்கு,
சான்றிதழ் பெற்ற சித்தப்பா,
கார்ஜோ

பி.கு.: மேலே எழுதியதை எல்லாம் மறந்துவிடு. தலைவர் இன்று காலை உத்தரவைத் திருத்திவிட்டார்: இந்த ஊரில் பிறந்தவர் எங்கே பிழைத்தாலும் உள்ளூர் வளமேதான். ஆகவே இதைக் கொண்டுவரும் வேன் ஓட்டுநரோடு உடனே ஏறி வா. லிந்தாங் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு, நீ வந்தால்தான் திறப்பேன் என்கிறாள். சாயம் எடுக்கிற மருந்து இருந்தால் பெரிய புட்டியாகக் கொண்டுவா. தலைவர் தொப்பியைப் புருவம் வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு நீ வரும் வேனை எதிர்பார்த்து பஸ் நிறுத்தத்திலேயே நிற்கிறார்.