பாப்பாவின் வேனும் ஐந்து நிரந்தர உறுப்பினர்களும்

திருநின்றவூர்,
வெள்ளிக்கிழமை.

அன்பும் பொறுமையும் நிறைந்த தம்பி தினகரனுக்கு,

அண்ணி கிருஷ்ணப்பிரியாவின் ஆசிகள். உங்கள் அண்ணன், பாப்பா, கைக்குழந்தை மூவரும் தூங்கிவிட்டார்கள் என்பதுதான் இப்போதைக்கு இந்த வீட்டின் சுகசேதி. தில்லியில் உங்கள் ஐ.ஏ.எஸ். பயிற்சி விடுதியில் போனைப் பிடுங்கிப் பூட்டிவைத்து ஞாயிற்றுக்கிழமை மட்டும் தருகிறார்களாமே, அதனால்தான் கையால் எழுதுகிறேன். "அண்ணி, நீங்க எம்.ஏ. அரசியல் அறிவியல்தானே, உலக அரசியலில் சர்வதேச அமைப்புகளின் பங்கும் சீர்திருத்தமும்னு கட்டுரை கேட்டிருக்காங்க, குறிப்பு அனுப்புங்க" என்று நீங்கள் சொல்லி ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. தாமதத்தை மன்னிக்கவும். இடையில் அந்தப் பாடத்தை நான் செய்முறையாகப் படித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் பாடம். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஜெயித்தவர்கள் முன்னின்று ஐ.நா. சபையை உண்டாக்கினார்கள். பாதுகாப்பு அவையில் ஐந்து பேருக்கு நிரந்தர நாற்காலி போட்டுக்கொண்டார்கள். அந்த ஐவரில் ஒருவர் கையைத் தூக்கி வேண்டாம் என்றால், மற்ற எல்லோரும் வேண்டும் என்றாலும் காரியம் நடக்காது. இதற்குப் பெயர் வீட்டோ. எழுதிக்கொண்டீர்களா? இனி பாப்பாவின் பள்ளி வேன். கொரோனா முடிந்து பள்ளி திறந்தபோது வேனே கிடையாது. ஐந்து அம்மாக்கள் அலைந்து உஸ்மான் கனி பாயையும் அவர் வேனையும் பிடித்துவந்து, வாட்ஸ்அப் குழு ஒன்றைத் தொடங்கி, ஐந்து பேரும் அட்மினாக உட்கார்ந்தார்கள். எந்த வழி, எங்கே நிற்கும், எந்தப் பிள்ளைக்கு ஜன்னலோரம் எல்லாம் அவர்கள் சொன்னபடி. யார் என்ன கேட்டாலும் ஐவரில் ஒருத்தி கட்டைவிரலைக் கீழே காட்டும் படத்தைப் போட்டுவிட்டால் பேச்சு முடிந்தது. இதற்குச் சாசனமெல்லாம் இல்லை. ஆனால் மீறிப் பாருங்கள்.

எங்கள் தெரு சி.டி.எச். ரோட்டுக்கு இந்தப் பக்கம், வேன் நிற்பது அந்தப் பக்கம். வேப்பம்பட்டிலிருந்து வருகிற வேன் கொஞ்சம் திரும்பி எங்கள் தெருமுனைக்கு வந்து போகலாம், வருவதில்லை. அதனால் தினமும் காலையில் நான் இடுப்பில் கைக்குழந்தையும் ஒரு கையில் பாப்பாவும் தோளில் அவள் பையுமாக, தண்ணீர் லாரி, மணல் லாரி, ஒரே பைக்கில் நான்கு பேர் எல்லாவற்றையும் தாண்டி நடுத் தடுப்பின் இடுக்கில் ஏறி இறங்க வேண்டும். யூ.கே.ஜி. படிக்கிற குழந்தை, தம்பி. லாரிக்காரர் கண்ணுக்கு அவள் தெரியக்கூட மாட்டாள். "வேன் எங்கள் தெருமுனைக்கு வர வேண்டும்" என்று குழுவில் போட்டேன். ஏறக்குறைய எல்லோரும் சரி என்றார்கள். ரேணுகா அக்கா கட்டைவிரலைக் கீழே காட்டினார்.

ரேணுகா அக்காவின் பையன் இப்போது இந்த வேனிலேயே வருவதில்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவன் பதினொன்றாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்குப் போய் ரயிலில் ஆவடி போய்வருகிறான். பையன் போய்விட்டான், வீட்டோ போகவில்லை. காய்கறிக் கடையில் பிடித்துக் கேட்டேவிட்டேன்.

"பையன் வரலன்னா இன்னா? ஆரம்பிச்சது யாரு? நாங்க வண்டிக்குத் தெருத்தெருவா அலைஞ்சப்போ நீ எங்க இருந்த?"

"பாப்பாவைத் தூக்கிக்கிட்டு தடுப்பூசிக்கு அலைஞ்சுக்கிட்டு இருந்தேங்கா."

"அதான் சொல்றேன். நேத்து வந்துகினு இன்னிக்கு ரூட்ட மாத்து ரூட்ட மாத்துன்னா? ஒனக்குத் திருப்பினா நாளைக்கு ஊர்ல கீற அல்லாருக்கும் திருப்பணும்."

சரி, பொதுச்செயலாளரிடம் போவோம் என்று உஸ்மான் கனி பாயிடம் போனேன். எல்லோரும் மதிக்கிற மனிதர். பிள்ளைகளுக்குச் சண்டை வந்தால் அவர் ஒரு பார்வை பார்த்தாலே போதும். "நான் இன்னாம்மா பண்றது? வண்டி என்துதான், ஸ்டியரிங் என்துதான், ஆனா திருப்பறது அவுங்கோதான். அஞ்சு பேரும் ஒத்துக்கினா சொல்லு, உன் ஊட்டு ஹாலுக்கே வந்து ஹாரன் அடிக்கிறேன்" என்றார். அவரைக் குறை சொல்லவில்லை. நியூயார்க்கில் இருக்கும் ஐ.நா. பொதுச்செயலாளரும் இதைத்தான் இங்கிலீஷில் சொல்கிறார்.

அடுத்து பொதுச்சபை. ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் எல்லா அம்மாக்களும் கூடினோம். பேச்சென்றால் பேச்சு. தெருமுனைக்கு வேன் வருவதே தர்மம் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டு, பஜ்ஜி சாப்பிட்டுக் கலைந்தோம். திங்கட்கிழமை வேன் அந்தப் பக்கமே நின்றது. அப்புறம்தான் இந்தியா, ஜப்பான், ஜெர்மனி, பிரேசில் நாலும் சேர்ந்து நாற்காலி கேட்கிற மாதிரி நாங்களும் நாலு பேர் சேர்ந்து தனியாக ஒரு ஷேர் ஆட்டோ வைப்பதென்று கிளம்பினோம். அந்த நாலு நாட்டில் பலருக்கும் எதிர்ப்பு பக்கத்து வீட்டுக்காரரிடமிருந்துதான் வருகிறது. எங்களுக்கு அந்தக் கஷ்டம்கூட இல்லை, எங்களுக்குள்ளேயே போதுமான அளவு இருந்தது. யார் வீட்டில் முதலில் ஏற்றுவது என்பதிலேயே இரண்டு பேர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மிச்சமிருந்த கூட்டணியோடு ஆட்டோ பட்டாபிராம் வரை போய்ப் புகைவிட்டு நின்றது. பிள்ளைகள் போய்ச் சேர்ந்தபோது பள்ளி கேட்டைச் சாத்திவிட்டார்கள்.

கடைசியாக ஐ.நா.வின் நீலத் தொப்பி அமைதிப்படை. உங்கள் அண்ணன் கிரிக்கெட்டுக்கு வாங்கிய நீலத் தொப்பியைப் போட்டுக்கொண்டு, கழுத்தில் விசிலோடு ரோட்டில் இறங்கிக் கையை நீட்டினார். லாரிக்காரர் தலையை வெளியே விட்டு, "இன்னா சார், டிராபிக்கா?" என்றார். "இல்லப்பா, குழந்தையோட அப்பா." "அப்ப கொயந்தயப் பாத்துக்கினு ஓரமா நில்லு நைனா." இவர் ஓரமாக நின்றார். வீட்டுக்கு வந்து, "நிலைமை பதற்றமாத்தான் இருக்கு" என்று எனக்கு அறிக்கை கொடுத்துவிட்டு ஆபீஸ் போனார். துருப்பு அனுப்பலாம், அதிகாரம் கொடுக்காமல் அனுப்பினால் இதுதான் என்று ஒரு பத்தி எழுதுங்கள், மார்க் வரும்.

இந்தச் செவ்வாய்க்கிழமை நடந்ததை உங்கள் அண்ணனிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. தடுப்பைத் தாண்டி இறங்கும்போது ஒரு தண்ணீர் லாரி பிரேக் போட்டது. பாப்பாவின் சாப்பாட்டு டப்பா பையிலிருந்து தெறித்து உருண்டு சக்கரத்துக்கு அடியில் போய், ரோடெல்லாம் தயிர்சாதம். பாப்பா அழவில்லை. "ஏம்மா இவ்ளோ இறுக்கிப் புடிக்கிற, கை வலிக்குது" என்றாள். வேனில் ஏற்றிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கைக்குழந்தை என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது.

ஆகவே தம்பி, கட்டுரையில் மழுப்பாமல் எழுதுங்கள். ஐ.நா. சாசனத்தைத் திருத்தவும் அந்த ஐவரின் ஒப்புதல் வேண்டும் என்பது, ரேணுகா அக்காவின் அதிகாரத்தைப் பறிக்க ரேணுகா அக்காவிடமே கையெழுத்து கேட்பது. பன்னாட்டு நிதியத்தில் பெரிய முடிவென்றால் அமெரிக்கா ஒன்றே தடுத்துவிடலாம். உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு மன்றத்துக்கு நடுவர்களை நியமிக்க விடாமல் அதையும் முடக்கியாயிற்று. அமைப்புகளே வேண்டாம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். வேனே இல்லாத காலம் இதைவிட மோசம். வேன் இருக்கட்டும், வீட்டோவை அடியோடு ஒழிக்க வேண்டும், ஆரம்பித்தவர் என்பதற்காக யாருக்கும் ஆயுசு முழுக்க அதிகாரம் கூடாது என்று முடியுங்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். இந்தத் தடவை நிச்சயம் தேறி, நல்ல பதவியில் அமர்ந்து, எங்கள் தெருமுனைக்கு ஒரு வேகத்தடையாவது போட்டுத்தர எல்லா வளமும் பெற வாழ்த்தும்,

அண்ணி
கிருஷ்ணப்பிரியா

பின்குறிப்பு: இதைத் தபாலில் போட மறந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. அதுவும் நல்லதுக்குத்தான். ரேணுகா அக்கா வீட்டுக்காரருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றலாகிவிட்டது. போகிறபோது, "நீதான் படிச்ச பொண்ணு, கேள்வி கேக்கறவ" என்று அட்மின் பொறுப்பை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார், சோவியத் யூனியன் நாற்காலியில் ரஷ்யா உட்கார்ந்த மாதிரி. மீதி நாலு பேரும் மறுக்கவில்லை. புதன்கிழமையிலிருந்து வேன் எங்கள் தெருமுனைக்கு வருகிறது. நேற்று ஏரிக்கரைத் தெரு தேவிப்பிரியா தங்கள் தெருவுக்கும் வர வேண்டும் என்று குழுவில் கேட்டிருந்தாள். அங்கே போய்த் திரும்பினால் பாப்பாவை இன்னும் சீக்கிரம் எழுப்ப வேண்டும், பாவம் குழந்தை தூங்குகிறாள், அதனால் கட்டைவிரலைக் கீழே காட்டிவிட்டேன். வீட்டோவை ஒழிப்பது பற்றி மேலே எழுதியதை அடித்துவிடுங்கள் தம்பி. சீர்திருத்தம் படிப்படியாக வர வேண்டும் என்று எழுதுங்கள். அவள் பெண் இரண்டாம் வகுப்பு, ரோடு தாண்டக் கொஞ்ச நாளில் பழகிவிடும். அதையும் வெறுமனே சொல்லவில்லை, ஐ.நா. அறிக்கைகளில் வருகிற மாதிரி ஆழ்ந்த கவலையோடுதான் பதில் போட்டிருக்கிறேன்.