யூரியா வாங்க வக்கில்லாத சம்பந்தி

ஆண்டவன் ஆறு நாளில் உலகத்தைப் படைத்துவிட்டு ஏழாம் நாள் ஓய்வெடுத்தார். அன்றைக்கு எங்கள் செலக்‌ஷன் சித்தப்பா மட்டும் பக்கத்தில் இருந்திருந்தால், பாதி உலகத்தை ரிஜெக்ட் செய்து திருப்பி அனுப்பியிருப்பார்.

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் அவருக்குத் தரம் பிரிக்கிற வேலை, அங்கே அதற்குப் பெயர் செலக்‌ஷன். மேஜையில் தோலை விரிப்பார்கள். கட்டை விரலால் ஒரு தேய், வெளிச்சத்தில் ஒரு பார்வை, அவ்வளவுதான். "செகண்டு. தேர்டு. ரிஜெக்‌ஷன்." சொன்னால் சொன்னதுதான், முதலாளி வந்தாலும் மாறாது.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தாலும் அந்த வாய் ஓயாது. சித்தி வைக்கிற ரசம் செகண்டு. பாஸ்டரின் பிரசங்கம் தேர்டு. "ஆரம்பம் நல்லாத்தான் இருந்திச்சி, நடுவுல சுருக்கம் ஜாஸ்தி" என்று அவரிடமே சொல்லிவிட்டு வருவார். எனக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லோரும் பெண்ணைப் பார்க்க, இவர் வாசலில் கிடந்த என் வருங்கால மாமனாரின் செருப்பைக் கையிலெடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சித்தப்பா பண்றீங்க, மானம் போவுது!"

"செருப்ப இவ்ளோ ஒழுங்கா வச்சிக்கிறவன் பொண்ணையும் ஒழுங்காத்தான் வளத்திருப்பான். பேசி முடிங்க."

முடித்தார்கள். இன்றுவரை எனக்கு ஒரு புகாரும் இல்லை. என் மனைவிக்கு உண்டு.

இப்படிப்பட்ட மனிதர் தரமே பிரிக்காமல் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடிய ஒரே ஜீவன் அவர் மகள் மெர்சி. வேலூரில் நர்ஸ் படிப்பு முடித்து மேற்கு ஜெர்மனிக்கு வேலைக்குப் போனவள். வெள்ளை யூனிஃபார்மில் அவள் நிற்கிற போட்டோ எப்போதும் சித்தப்பாவின் சட்டைப் பையில் இருக்கும். பஸ்ஸில் ஏறினால் முதலில் போட்டோவைக் காட்டுவார், அப்புறம்தான் டிக்கெட் கேட்பார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் மெர்சியிடமிருந்து டிரங்க் கால் வந்தது. அங்கே ஒரு விவசாயி வீட்டுப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறாள். ஆனால் அப்பா வந்து பார்த்துச் சரியென்றால்தான் கல்யாணம். மூன்று டிக்கெட்டும் அவளே எடுத்து அனுப்பினாள். சித்தப்பா, சித்தி, இங்கிலீஷுக்கு நான்.

"பாக்கத்தான் போறேன். முடியாதுன்னு நேர்ல சொன்னாத்தான் மரியாதை" என்று சொல்லிவிட்டுத்தான் விமானம் ஏறினார்.

பண்ணை வாசலிலேயே பையனும் அவன் அப்பாவும் காத்திருந்தார்கள். அப்பா நல்ல ஆகிருதி, பெரிய மீசை. வயலைச் சுற்றிக் காட்டிப் பெருமையோடு ஏதோ சொன்னார். மெர்சி தமிழில் சொன்னாள்: "இவங்க யூரியாவே போட மாட்டாங்களாம்பா. பூச்சி மருந்தும் கிடையாதாம்."

சித்தப்பா என் காதருகில் வந்தார். "இன்னாடா இது? யூரியா வாங்கக்கூட வக்கில்லாத எடத்துலயா என் பொண்ணக் குடுக்கறது?"

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் யூரியா மூட்டை வண்டியில் வந்து இறங்கினால்தான் விவசாயிக்கு மரியாதை. போடாதவன் பரம ஏழை.

கோஸ் இலையெல்லாம் ஓட்டை. ஆப்பிளில் புழு. மீசைக்காரர் அந்த ஆப்பிளை வெட்டிப் புழு தின்ற பகுதியைத் தள்ளிவிட்டு, மிச்சத்தைச் சந்தோஷமாக நீட்டினார். சித்தப்பா முகத்தில் கோபம் போய் இரக்கம் வந்துவிட்டது.

"மெர்சி, அவருக்குச் சொல்லு. கூச்சப்பட வேணாம். வாலாஜாவுல என் தோஸ்த்து உரக்கடை வச்சிருக்கான். ரெண்டு மூட்டை கப்பல்ல போட்டு உட்றேன்."

மெர்சிக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் அப்பா சொன்னதை அப்படியே சொன்னாள். மீசைக்காரர் வேலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு சித்தப்பாவின் தோளில் கைபோட்டு நிதானமாகப் பேசினார். மெர்சி தமிழில் சொன்னாள்:

"இவங்கப்பா காலத்துல மருந்தா அடிச்சி மண்ணே கெட்டுப்போச்சாம். அத நல்லா ஆக்கறதுக்குள்ள பாதி வயசு போய்டிச்சாம். காசு இல்லாம இல்லப்பா."

எங்கள் தெருக் கிணற்றுத் தண்ணீர் அப்போதே உப்புக் கரிக்க ஆரம்பித்திருந்தது. தொழிற்சாலையால்தான் என்று சித்தப்பாவுக்கும் தெரியும். சோறு போடுகிற இடத்தை யார் குறை சொல்வது?

சித்தப்பா நேராக மாட்டுக் கொட்டகைக்குள் போனார். ஒரு பசுவின் விலாவில் கட்டை விரலை வைத்துத் தேய்த்தார். கழுத்தைப் பார்த்தார், வயிற்றைக் குனிந்து பார்த்தார். ஒரு கீறல் இல்லை, ஒரு உண்ணிக்கடி இல்லை.

"ஃபர்ஸ்ட்டு" என்றார்.

சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் யாருமே அவர் வாயால் அந்த வார்த்தையைக் கேட்டதில்லை. மெர்சி துள்ளிக் குதித்தாள்.

"மாடு ஃபர்ஸ்ட்டு. ஆனா பொண்ணு குடுக்க மாட்டேன்."

மெர்சி அழுவாள் என்று நினைத்தேன். அவள் இவர் பெற்ற மகளல்லவா?

"அப்பா, ஒங்க டேபிள்ல ஃபர்ஸ்ட்டு தோலு வந்தா உள்ளூர்ல விப்பீங்களா?"

"எவன் விப்பான்? அது எக்ஸ்போர்ட்டு..." என்றவர், பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

"மாட்டிக்கினீங்க இல்ல? சரின்னு சொல்லிடுங்க" என்றாள் சித்தி.

"தூரம்டி" என்றார். அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துப் பையனைக் கூப்பிட்டு, அவன் உள்ளங்கையைத் திருப்பிக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். நன்றாகக் காய்த்துப்போன கை. பையன் இதுதான் எங்கள் ஊர்ச் சம்பிரதாயம் என்று நினைத்து, சித்தப்பாவின் கையைத் திருப்பித் தானும் தேய்த்தான். சித்தப்பா சிரித்துவிட்டார். கல்யாணம் நிச்சயமானது.

ஊர் திரும்பியதும் ஆம்பூரில் ஒரு ஆளை விடவில்லை. "எங்க சம்பந்தி யூரியாவத் தொட மாட்டாரு, தெரியுமா?" என்று வழியில் போகிறவர்களை நிறுத்திச் சொன்னார். தொழிற்சாலையில் எல்லோரும் பேஜாராகி, அவர் வந்தாலே வேறு பக்கம் போனார்கள்.

அடுத்த வருஷம் ஒரு மத்தியானம் நான் போனபோது, வீட்டுப் பின்னால் அவர் வைத்திருந்த கத்திரிச் செடி முழுக்கப் பூச்சி. ஒரு துளி மருந்தடிக்க விடவில்லை. தட்டில் சொத்தைக் கத்திரிக்காய்ப் பொரியல். சொத்தையை ஓரமாக ஒதுக்கி ஒதுக்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாத்துக்கு சித்தப்பா இந்தக் கஷ்டம்?"

"என் பொண்ணு அங்க இதத்தாண்டா சாப்புடுது" என்றார்.