மூன்று சங்கரா மீன்களை மூக்கால் வென்ற எத்திராஜ்

என் வாயில் மிச்சமிருக்கும் சொந்தப் பற்கள் நான்கின்மேலும் ஆணையாகச் சொல்கிறேன், இதில் வரும் ஒரு சொல்லும் பொய்யில்லை. எண்பத்தொரு வயதில் பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. உண்மை சொல்லியும் இதுவரை ஒன்றும் ஆனதில்லை என்பது வேறு விஷயம்.

வாழ்க எத்திராஜ். கோவளத்து அலையோரம் உதித்து, மேற்குத் தாம்பரத்து மீன் சந்தையில் பலகையிட்டு அமர்ந்து, வஞ்சிர யானைகளையும் வவ்வால் குதிரைகளையும் எண்ணிலடங்கா நெத்திலிக் காலாட்களையும் முப்பது ஆண்டு ஒரு குடைக்கீழ் ஆண்ட பெருந்தகை வாழ்க. குடை, காதுகுத்து விழாவுக்கு வாடகைக்கு விடும் பந்தல் கடைக்காரர் மறந்துவிட்டுப் போனது. அவனினும் பெரிதாய் வாழ்க அவன் மூக்கு. முகத்தில் முக்கால் பங்கை முதலிலேயே வளைத்துக்கொண்டு, மீதிக் கால் பங்கைக் கண்ணுக்கும் வாய்க்கும் மனமில்லாமல் விட்டுக்கொடுத்த அந்த மாமலை நாசி, கூடையின் சாக்கை விலக்குமுன்பே 'இது நேற்று', 'இது முந்தாநாள்', 'இது நம்ம கடலே இல்லை' என்று தீர்ப்புரைக்கும். மற்ற வியாபாரிகள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள், வயிற்றை அமுக்கிப் பார்ப்பார்கள். எத்திராஜ் அவர்களை, ஊன்றுகோலோடு ஓட்டப்பந்தயத்துக்கு வந்தவர்களைப் பார்ப்பதுபோலப் பார்ப்பான். மூக்குள்ளவனுக்கு விரல் எதற்கு என்பது அவன் கொள்கை. கொள்கை உள்ளவர்களை விதி தனி நோட்டில் குறித்து வைத்துக்கொள்ளும்.

அந்த மூக்கின் வேரடியில், நெற்றிக்குப் பின்னால், மூளை உட்கார்ந்திருக்கும் தரைத்தளத்தில், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு கட்டி குடியேறியது. தலைவலி என்று எத்திராஜ் ஓராண்டு தைலம் தேய்த்தான். கட்டிக்குத் தைலம் பிடித்துப்போயிற்றோ என்னவோ, கொய்யாப்பழ அளவுக்கு வளர்ந்தது. பிறகு ஒரு பெரிய ஆஸ்பத்திரியில், பச்சை அங்கி தரித்த ஏழு பேர், ஏழு மணி நேரம், காதிலிருந்து காதுவரை தலைத்தோலை மடித்து, மண்டையோட்டை ஜன்னல்போலத் திறந்து, கட்டியைக் கோட்டையிலிருந்து பெயர்த்தெடுத்தார்கள். சாதுவான கட்டி, புற்றில்லை, இனி பயமில்லை என்றார்கள். ஆனால் ஓடும் பகைவன் வீட்டு விளக்கை அணைத்துவிட்டு ஓடுவதுபோல, மணம் அறியும் நரம்பு இரண்டையும் கட்டி தன்னோடு கொண்டு போய்விட்டது. "இனி வாசனை திரும்பாதுங்க," என்றார் மருத்துவர். அந்த நேரத்தில் மனைவி சரளா மாத்திரை வாங்க மருந்துக்கடை வரிசையில் நின்றிருந்தாள், எனவே அவளுக்கு இது தெரியாது என்பது எத்திராஜின் அசைக்க முடியாத நம்பிக்கை. கணவர்களின் அசைக்க முடியாத நம்பிக்கைகளைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

மண்டையில் முப்பத்தொரு ஸ்டேப்ளர் பின் அடித்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட வீரனை, அங்கே வேறொரு சேனை வளைத்துக்கொண்டது. வீக்கம் குறைக்கும் மாத்திரை என்னும் மாயாவி, மூளையின் வீக்கத்தைக் குறைத்து, அதை வீணாக்காமல் கன்னங்களுக்கு மாற்றினான். முகம் பூரிபோல் எழுந்தது. ஒரு காலத்தில் தனிமலையாய் நின்ற மூக்கு, இரு புதிய குன்றுகளுக்கு நடுவே பள்ளத்தாக்குப் பாதையாய்த் தாழ்ந்தது. அதே மாயாவி பசியையும் அனுப்பினான். காலை ஆறு மணிக்கு எட்டு இட்லி தின்றவன் ஏழு மணிக்கு, இட்லி என்ற ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்பதுபோல் சமையலறை வாசலில் நிற்பான். நின்று தின்றும் பயனில்லை. மூக்கில்லாத நாக்குக்கு உப்பு, புளி, காரம் தவிர வேறெதுவும் தெரியாததால், வஞ்சிரக் குழம்பும் வஞ்சிரம் கழுவிய தண்ணீரும் அவன் சபையில் சம ஆசனம் பெற்றன. வலிப்பு வராமலிருக்க இருவேளை மாத்திரை. அது வலிப்போடு சேர்த்து விழித்திருப்பதையும் தடுத்தது. வண்டி ஓட்டக் கூடாது என்ற ஆணையால், முப்பதாண்டு தன் வண்டியில் இரு கூடை கட்டிக் கேளம்பாக்கம் சாலையைக் கிழித்துக்கொண்டு வந்தவன், இப்போது டெம்போவின் பின்புறம் ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே இன்னொரு பெட்டியாக அசைந்தசைந்து வரலானான்.

அறிவுரை சொல்ல வந்தவர்களின் கூட்டம், வண்டலூர்ப் பூங்காவுக்குக் காணும் பொங்கலன்று வரும் கூட்டத்துக்குச் சற்றே குறைவு. ஒருவர் கற்பூரத்தை மோந்து பார்க்கச் சொன்னார், ஒருவர் பூண்டை மூக்கில் செருகச் சொன்னார். பெருங்காயம் கரைத்து ஊற்றச் சொன்னவர், அவரே ஊற்றவும் ஆயத்தமாய் டம்ளரோடு வந்தார். மூளை அறுவை பற்றி ஒன்றும் அறியாதவரே அதிகம் சொன்னார்கள் என்பதை வரலாறு பதிவு செய்க.

ஐந்து மாதம் பலகையில் சரளா அமர்ந்தாள். ஆறாம் மாதம் எத்திராஜ் திரும்பினான். திரும்பிய மூன்றாம் நாள், ஒரு கூடை கானாங்கெளுத்தியின் முன் குனிந்து, மார்பு விம்ம மூச்சிழுத்து, கண்மூடி, பழைய பாணியில் "ஏ ஒன்" என்று முழங்கி, சரளா டீ குடிக்கப் போன சமயம் பார்த்து அதை மெட்டில்டா டீச்சருக்கு விற்றான். மெட்டில்டா, ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. இருபது வருட வாடிக்கை. சந்தைக்குப் பின்தெருவில் வீடு. மறுநாள் காலை அவர் ஒரு தூக்குச் சட்டியை ஏந்தி, தோற்ற நாட்டுத் தூதுவரைப்போல் மெல்ல நடந்துவந்து, பலகையின்மேல் வைத்து, மூடியைத் திறந்தார். பக்கத்துக் கடை நான்கும் எழுந்து காற்றோட்டமான பக்கம் போயின. எத்திராஜ் மட்டும் அமைதியாக உட்கார்ந்திருந்தான்.

"இந்தக் குழம்பை நீயே சாப்பிடு எத்திராஜ்," என்றார் டீச்சர். "எங்க வீட்டுப் பூனை எழுந்து மாடிக்குப் போனது இன்னும் இறங்கல."

அன்று மாலையே சரளாவின் தம்பி மோகன்ராஜ் வீட்டுக்கு வந்து சேர்ந்தான். மறைமலை நகர்த் தொழிற்சாலையில் கார்களுக்குக் கதவு மாட்டும் வேலை. மீனவர் குடியில் பிறந்து, ஐ.டி.ஐ. படித்து, சங்கராவுக்கும் சாதா செருப்புக்கும் வித்தியாசம் மறந்துபோன மாமேதை.

"மச்சான், போனது போச்சு. படப்பைல ஒரு அப்பார்ட்மென்ட்ல வாட்ச்மேன் வேலை கீது," என்றான். "சேர் போட்டு குந்திக்கினு இருக்கலாம். விசிலு அவங்களே குடுக்கறாங்க."

விசில் என்ற சொல் கேட்டு எத்திராஜின் தலைத் தழும்பு சிவந்தது. கடலை நோக்கிப் பிறந்தவன், கார் நிறுத்தும் கட்டங்களை நோக்கி நாற்காலியில் அமர்ந்து, பின்னால் வரும் வண்டிக்கு 'வா வா' என்று கைகாட்டிச் சாவதா. அவன் எழுந்தான். சற்றே தள்ளாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டான். பிடித்த சுவர் நடுங்கியது என்பார்கள், நான் பார்க்கவில்லை.

"என் மூக்கு தூங்கிகினு கீதுடா," என்றான். "சாவல."

சரளா மீன் செதிளை நகத்திலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம மூணு சங்கரா வெக்கறேன். இன்னிக்கு வந்தது ஒண்ணு, நேத்து ஒண்ணு, முந்தாநேத்து ஒண்ணு. கண்ண கட்டிக்கினு மோந்து சொல்லு. சொல்லிட்டா பலகை உனக்கு. சொல்லலன்னா படப்பை. அதுக்கப்புறம் இந்தப் பேச்சே இருக்கக் கூடாது."

"கை வெக்கக் கூடாது," என்று மோகன்ராஜ் சட்டத்திருத்தம் கொண்டுவந்தான்.

ஞாயிறு புலர்ந்தது. சரளா வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே கரைக்குப் போயிருந்தாள். அவள் ஐஸ் உடைக்கும் ஓசை இரண்டு முறை கேட்டதாக டெம்போக்காரர் பிற்பாடு சொன்னார். அதை அப்போது யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சந்தையில் மூன்று அலுமினியத் தட்டுகள், மூன்றின்மேலும் ஈரத்துணி, துணிக்கடியில் முழு உருவம் காட்டாமல் துயிலும் மூன்று சங்கரா. நடுவராக மெட்டில்டா டீச்சர், முதல் ஆராதனை முடிந்த வெள்ளைப் புடவையோடு, பைபிளும் கூடைப்பையுமாக. எதிரணியாக மோகன்ராஜ். பார்வையாளராகச் சந்தை முழுவதும், மீன் வாங்க வந்து மீன் மறந்து நின்றவர்களும்.

எத்திராஜின் கண்ணைச் சரளா தன் துண்டால் கட்டினாள். தழும்பின்மேல் முடிச்சு படாமல் கட்ட இரண்டு முறை அவிழ்த்துக் கட்டினாள்.

கேளுங்கள், போரின் முதல் நாழிகையை. குனிந்தான் கோவளத்துக் கோமான். ஜி.எஸ்.டி. சாலையில் ஓடும் லாரிகளின் புகை, பின்தெரு பிரியாணிக் கடையின் தம், சாக்கடை, மல்லிகைக் கூடை என எண்திசையும் கலந்து வீசும் மேற்குத் தாம்பரத்துக் காற்று முழுவதையும், புயல் கடலை உறிஞ்சுவதுபோல் ஒரே மூச்சில் உள்ளிழுத்தான். கூட்டத்தில் முன்வரிசையில் நின்ற ஒரு பெண்மணியின் முந்தானை அவன் பக்கம் அசைந்ததைப் பலர் கண்டனர். ஆனால் அத்தனை காற்றும் மூக்கினுள் போய், ஆளில்லாத வீட்டில் தபால்காரர்போல் கதவு தட்டிவிட்டுத் திரும்பி வந்தது. ஒன்றுமில்லை. இரண்டாம் தட்டு, ஒன்றுமில்லை. மூன்றாம் தட்டு, அதைவிட ஒன்றுமில்லை. வீரனின் காதோரமாய் வியர்வை இறங்கியது. இருட்டில் அவனுக்கு ஒரு நாற்காலி தெரிந்தது, ஒரு விசில் தெரிந்தது, கழுத்தில் சிவப்புக் கயிறு.

"இன்னா மச்சான், மாத்திர போட்டுக்கினு தூங்கிட்டியா?" என்றான் மோகன்ராஜ்.

கைவிடப்பட்ட அந்த வேளையில்தான், கதையில் இதுவரை வெறும் சுமையாக இருந்த இருவர் எழுந்தனர். அந்த இருவர், அவன் கன்னங்கள். மாத்திரை ஊதிய அந்த இரட்டையர், இப்போது மூக்கைவிட முன்னால் நீட்டிக்கொண்டிருந்ததால், அவன் மறுபடி குனிந்தபோது மீனை முதலில் சந்தித்தவர்களும் அவர்களே. முதல் தட்டின்மேல் கன்னம் லேசாகச் சில்லென்றது. மூன்றாம் தட்டின்மேல், மார்கழி மாதத்துக் குழாயடிபோல் எலும்புவரை சில்லிட்டது. நடுத்தட்டின்மேல் குளிர்ச்சியே இல்லை. அன்று வந்த மீனைச் சந்தையில் எவரும் பத்து மணிவரை ஐஸில் வைப்பதில்லை, பழசுதான் பெட்டிக்குள் கிடக்கும் என்பது முப்பதாண்டு வியாபாரம் அவன் தோலுக்குள் எழுதிவைத்த சாசனம். வெறுத்தொதுக்கிய வீங்கிய கன்னம், படுத்துவிட்ட பேரரசனான மூக்கின் காதில் இரகசியம் ஓதியது. பேரரசர்கள் எப்போதுமே இப்படித்தான் ஆண்டிருக்கிறார்கள்.

எத்திராஜ் நிமிர்ந்தான். மூச்சை இழுத்தான், இம்முறை வெறும் நாடகத்துக்கு. வண்டலூர்ச் சிங்கம் காலை உணவுக்குப் பின் விடும் குரலில் அறிவித்தான்.

"நல்லா கேட்டுக்கங்க. நடுவுல கீறது இன்னிக்கு மீனு. கட்டுமரத்துல வந்தது, மூணு மணிக்கு வலைல ஏறுச்சு, ஏறும்போது கொஞ்சம் கோவமா இருந்துச்சு. இந்தாண்ட கீறது நேத்து. அந்தாண்ட கீறது முந்தாநேத்து, அது வாயத் தொறந்து நாறுது. டீச்சர், அத யாருக்கும் குடுக்காதீங்க."

சந்தையின் எல்லாக் கண்களும் சரளாவிடம் போயின. அவள் மூன்று தட்டையும் ஒருமுறை பார்த்தாள், அவனை ஒருமுறை பார்த்தாள்.

"கரெக்டு," என்றாள். "மூக்கு வந்துடுச்சு. குந்துயா."

மோகன்ராஜ் துணியை விலக்கிச் செவுளைப் பார்க்கக் கைநீட்டினான். கை எட்டுவதற்குள் மூன்று மீனின் தலையும் அரிவாள்மணையில் விழுந்தன. அத்தனை வேகமாகச் சரளா மீன் வெட்டி அந்தச் சந்தை கண்டதில்லை. நடுமீன் டீச்சரின் பைக்குப் போனது, மற்ற இரண்டும் வீட்டுக்கு என்று ஒரு கவரில் முடிந்து ஒதுக்கப்பட்டன. "இனிமே கூடை வந்தா செவுள நான்தான் பாப்பேன்," என்று அவள் போகிறபோக்கில் சொன்னாள். "உன் மூக்க சில்லறை வேலைக்கெல்லாம் தொந்தரவு பண்ணாத." அதில் இருந்த மரியாதையைக் கேட்டு எத்திராஜ் பெருந்தன்மையோடு தலையசைத்தான். படப்பை தன் காவலனை இழந்தது. மோகன்ராஜ் கார்க் கதவுகளிடம் திரும்பினான்.

வென்றான் எத்திராஜ். கன்னம் இரண்டும் வெற்றிமுரசாய் ஒளிர, தழும்பு மணிமுடியாய் வளைய, மணம் அற்ற உலகின் மாமன்னன் ஈரப் பலகையில் சம்மணமிட்டு அமர்ந்து, வருவோர் போவோர்க்கெல்லாம் மூக்கைத் தொட்டுக் காட்டினான். அந்த ஞாயிறு மாலைக்குள் அவன் புகழ் தாம்பரம் ரயில் பாலத்தைக் கடந்து கிழக்கே போய், சேலையூர் ஏரியைச் சுற்றி, களைத்துத் திரும்பி வந்தது. பிறவி மூக்கு என்றார்கள், அறுத்தும் போகாத மூக்கு என்றார்கள், மருத்துவமே தோற்ற மூக்கு என்றார்கள்.

மூன்று சங்கராவும் அன்று காலை ஒரே வலையில் வந்தவை, இரண்டை ஐஸில் வைத்தது சரளா.