கிறிஸ்மஸ் பாட்டில் கேட்கும் அந்த அரோகரா

முதலில் ஒரு குற்ற ஒப்புதல். தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் டொரொன்டோத் தமிழர் வீடுகளில் ஒரு நத்தார் (கிறிஸ்மஸ்தான்) பாட்டுக் கசெட் இருந்தது. சென்னையின் பிரபலமான சினிமாப் பாடகர் ஒருவர், ஊரில் போரால் இடம்பெயர்ந்து கொட்டில்களில் கிடந்த பிள்ளைகளின் உதவிக்காக, எங்கள் சனத்தோடு சேர்ந்து பாடிய ஒரே ஒரு பாட்டு. ஏ பக்கத்தில் அந்தப் பாட்டு. பி பக்கத்திலும் அதே பாட்டு. (திருப்பிப் போட்டால் வேறு ஏதாவது வரும் என்று நம்பி ஏமாந்தவர்கள் பலர்.) முடிவில் பாடகர் கடைசிச் சுரத்தைப் பிடித்து உச்சியில் நிற்பார், ஒரு சின்ன மணி அடிக்கும், அந்த மணியோடு சேர்ந்து யாரோ ஒருவர் தொண்டை கிழிய "அரோகரா" என்று கத்துவது கேட்கும். அந்த யாரோ நான்தான்.

இதை வாசித்ததும் சிலர் கோபப்படுவார்கள் என்று தெரியும். அது தன் பெரியப்பா என்றும், தன் மச்சான் என்றும் சொல்லித் திரிபவர்கள் இந்த நகரத்தில் நிறைய இருக்கிறார்கள். இருந்துவிட்டுப் போகட்டும். நான் நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு அப்போது இருபத்தொரு வயது. கனடா வந்து மூன்று வருடம். மிசிசாகாவில் ஒரு தொழிற்சாலையில் ஷாம்பூப் போத்தல்களுக்கு மூடி பூட்டுகிற வேலை. நாங்கள் இருந்த மோர்னிங்சைட்டிலிருந்து போக இரண்டு மணித்தியாலம், வர இரண்டு மணித்தியாலம். அந்த நாலு மணித்தியாலமும் என் காதில் அந்தப் பாடகரின் குரல்தான். அவர் பெயரைச் சொல்லமாட்டேன். அவருக்கு இன்னும் வெறிபிடித்த ரசிகர்கள் இருக்கிறார்கள், என் வீட்டுக்கு இன்னும் கண்ணாடி ஜன்னல்கள் இருக்கின்றன. சஞ்சிகைகளில் வந்த அவர் படங்களை வெட்டி ஒரு கொப்பி நிறைய ஒட்டி வைத்திருந்தேன். ஒரு பெரிய படத்தைச் சுவாமித் தட்டில் முருகனுக்குப் பக்கத்தில் வைத்தேன். அம்மா முருகனை எடுத்துக்கொண்டு போய் வேறு அறையில் வைத்தார்.

எங்கள் கட்டடத்தின் ஆறாம் மாடியில் பிலோமினா அன்ரி இருந்தார். ஊரில் சங்கீத ரீச்சர். இங்கே பகலில் முதியோர் இல்லத்தில் வேலை, பின்னேரங்களில் தேவாலயத்துப் பாடற்குழு. அந்த மார்கழித் தொடக்கத்தில் பாடகர் மேடை நிகழ்ச்சிக்கு டொரொன்டோ வருகிறார் என்று இரண்டு மாதம் முன்பே கேள்விப்பட்டதும், தானே ஒரு நத்தார் பாட்டு எழுதி, தானே மெட்டும் போட்டு, நிகழ்ச்சி நடத்துபவருக்கு ஒருநாள் தவறாமல் போன் அடித்தார். அந்த மனிதர் தொல்லை தாங்காமல் பாடகரிடம் ஒரு மணித்தியாலம் வாங்கிக் கொடுத்துவிட்டார். பாடகர் திரும்பிப் போகிற நாள், விமானத்துக்கு முன், ஒரே ஒரு மணித்தியாலம்.

கூடப் பாட இருபத்துநாலு பேர் வேண்டும். தேவாலயத்தில் பன்னிரண்டு பேர்தான் தேறினார்கள். மிச்சப் பன்னிரண்டுக்கு அன்ரி எங்கள் கட்டடத்துச் சைவக்காரரைப் பிடித்தார். பாடகருக்குப் பக்கத்தில் நின்று பாடலாம் என்று அறிந்ததும் நான் செய்த அலங்கோலங்களுக்கு அளவில்லை. லண்டனுக்கும் பாரிசுக்கும் போன் எடுத்துச் சொந்தக்காரருக்கெல்லாம் சொன்னேன். தொழிற்சாலையில் எங்கள் மேற்பார்வையாளரான சீன அம்மாவுக்குக்கூட, நான் ஒரு நட்சத்திரத்தோடு சேர்ந்து பாடப் போகிறேன் என்று சொன்னேன். (அவர் போத்தலைக் கவனி என்றார்.)

ஒத்திகையின் முதல் நாள் அன்ரி ஒவ்வொருவருக்கும் முன்னால் வந்து காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டு போனார். எனக்கு முன்னால் வந்ததும் நின்றார். என் குரலைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். வீட்டுக்குப் போன் அடிப்பவர்கள் நான் "ஹலோ" சொன்னதும் "அப்பா நிற்கிறாரோ" என்று கேட்கமாட்டார்கள், அப்பாவோடுதான் பேசுகிறோம் என்று நினைத்து நேரே விஷயத்துக்கு வந்துவிடுவார்கள். அப்படிப்பட்ட குரல்.

"பிள்ளை, நீர் வடிவாச் சிவப்புச் சீலை உடுத்துக்கொண்டு வந்து முன்னுக்கு நில்லும். கசெட் மட்டையில போடுற படத்துக்கு ஆள் வேணும். ஆனால் சத்தம் வரப்படாது. வாயை மட்டும் அசையும்" என்றார் அன்ரி.

"கொஞ்சமும் பாடேலாதோ, அன்ரி?"

"கொஞ்சமும் ஏலாது."

அன்றிரவு அழுதேன். பிறகு யோசித்தேன். பாடினால் என்ன, அசைத்தால் என்ன, பாடகர் பக்கத்தில்தானே நிற்கப் போகிறேன்? லண்டன்காரருக்குக் கசெட்டில் எது என் குரல் என்று எப்படித் தெரியும்? இப்படி மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுக் கண்ணாடிக்கு முன்னால் வாயசைக்கப் பழகினேன். இருபத்துநாலு பேரிலும் நன்றாக வாயசைத்தது நான்தான் என்பதை இன்றும் அடித்துச் சொல்வேன்.

அன்ரிக்கு அந்தப் பாட்டில் எல்லாவற்றையும்விட முக்கியம் அதன் முடிவுதான். ஒவ்வொரு ஒத்திகையிலும் சொல்லுவார். "கடைசியில நான் ரெண்டு கையையும் தூக்குவன். மணி மூண்டு தரம் அடிக்கும். அதுக்குப் பிறகு ஒருத்தரும் மூச்சும் விடப்படாது. அந்த அமைதியிலதான் பாலன் பிறக்கிறார்." அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கும். அந்த அமைதிக்காகத்தான் மிச்சப் பாட்டையே எழுதினாரோ என்று எனக்குத் தோன்றும்.

ஒலிப்பதிவு ஒரு வீட்டின் பேஸ்மண்டில். வெளியே பனி கொட்டுகிறது. ஹீட்டர் இரைச்சல் மைக்கில் விழும் என்று நிறுத்திவிட்டார்கள். ஜாக்கெட் சரசரக்கும் என்று அதையும் கழற்றச் சொல்லிவிட்டார்கள். இருபத்துநாலு பேரும் பட்டும் பகட்டுமாக வெடவெடத்துக்கொண்டு நின்றோம். தேவாலயத்து வேதக்காரர் இடது பக்கம், சைவக்காரரான நாங்கள் வலது பக்கம். எனக்குப் பின்னால் தில்லை அங்கிள். ஸ்காபரோவில் ஒரு பண்டகசாலையை வாடகைக்கு எடுத்து நடந்த முருகன் கோயிலில் சங்கு ஊதுபவர்.

பாடகர் கழுத்தில் மூன்று மப்ளரோடு அரை மணித்தியாலம் பிந்தி வந்தார். வெந்நீர் குடித்தார். பனி கூடினால் விமான நிலையப் பாதை அடைத்துவிடும், ஒரே தரம்தான் பாடலாம் என்று கூட வந்தவர் சொல்லிவிட்டார். பிரித்துப் பதிய நேரமில்லாததால் எல்லோரும் ஒன்றாகவே, ஒரே மூச்சில். நான் அவரிலிருந்து ஆறடி தூரத்தில் நின்றேன். கால் தரையில் இல்லை.

பாட்டு அருமையாகப் போனது. நான் பழகியபடி வாயசைத்தேன், சத்தமே இல்லை. கடைசி வரி வந்தது. பாடகர் கண்ணை மூடிக்கொண்டு சுரத்தை மேலே கொண்டுபோனார், இன்னும் மேலே, அதற்கும் மேலே. அவர் சினிமாவில் மட்டுமல்ல, முருகன் பாட்டுகளிலும் பேர் போனவர். அந்தப் பழக்கத்தில் உருகி உருகிப் பாடினார். எனக்கு மயிர் கூச்செறிந்தது. கண்ணால் நீர் வழிந்தது. அந்த நேரம் பார்த்து எனக்கு முன்னால் அன்ரி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி மணியை அடித்தார்.

நீங்களே சொல்லுங்கள். உருகிப் பாடுகிறார்கள், கை தலைக்கு மேலே போகிறது, மணி அடிக்கிறது. பிறந்த நாளிலிருந்து பழகிய இந்த மூன்றும் ஒன்றாக வந்தால் ஒரு யாழ்ப்பாணத்துச் சைவப் பிள்ளையின் வாய் என்ன செய்யும்? என் கை தானாக உச்சிக்குப் போய்க் குவிந்தது. வாய் தானாகத் திறந்தது.

"அரோகரா!"

இத்தனை கிழமை அடக்கி வைத்த குரல் முழுவதும் அந்த ஒரு சொல்லில் வெளியே வந்தது. அதோடு விட்டதா? ஒருவர் அரோகரா சொன்னால் மற்றவர்கள் சும்மா நிற்பது நம் வழக்கமில்லையே. எனக்குப் பின்னால் பதினொரு பேரும் ஒரே குரலில் "அரோகரா" என்றார்கள். ஒத்திகைகளில் ஒருநாளும் வராத ஒற்றுமை. இடது பக்கத்தில் ஒரு வேதக்காரப் பெண்மணி அதிர்ச்சியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

பாடகர் கண்ணைத் திறந்தார். கை கூப்பினார். "ரொம்ப நல்லா வந்திருக்கும்மா. முடிவுல அந்த பக்தி வச்சீங்க பாருங்க, அது நான் எதிர்பார்க்கவே இல்ல" என்று அன்ரியிடம் சொல்லிவிட்டு, மப்ளர்களைச் சுற்றிக்கொண்டு படியேறிப் போய்விட்டார்.

ஒலிப்பதிவு செய்தவர் போட்டுக் காட்டினார். வெட்ட முடியுமா என்று அன்ரி கேட்டார். அரோகராவை வெட்டினால் பாடகரின் கடைசிச் சுரமும் சேர்ந்து போய்விடும் என்றார் அவர். அன்ரி எங்கள் பக்கம் திரும்பினார்.

"ஆர் முதல்ல கத்தினது?"

எல்லாத் தலைகளும் தில்லை அங்கிளை நோக்கித் திரும்பின. ஆண் குரல், வலது பக்கம், கோயில்காரர். வேறு சாட்சி எதற்கு?

"சத்தியமா நானில்லை ரீச்சர். நான் ரெண்டாவதாத்தான் சொன்னனான்" என்றார் அங்கிள். யாரும் நம்பவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அன்ரி சொன்ன சொல்லை நான் முழுதாகக் காப்பாற்றியது அந்த நேரத்தில்தான். அன்ரி அந்த மணியை கைதுடைக்கிற லேஞ்சியில் சுற்றிக் கைப்பையில் வைத்தார். மூன்றில் ஒரு தரம்தான் அடித்திருந்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்றேனே, அது எனக்கு இன்றைக்கும் வெட்கம்.

கசெட் அப்படியே வெளிவந்தது. யாரும் வாங்கமாட்டார்கள் என்று அன்ரி நினைத்தார். தமிழ் வானொலிக்குப் போன் அடித்தவர்கள் "அந்த அரோகராப் பாட்டைப் போடுங்கோ" என்று கேட்கத் தொடங்கினார்கள். சைவ வீடுகளில் கிறிஸ்மஸ் மரத்துக்குக் கீழே அது ஓடியது. அந்த வருடத் தேவாலய நாடகத்தில் மூன்று ஞானிகளும் தொழுவத்துக்குள் வந்து பாலனை வணங்கியபோது, பார்த்துக்கொண்டிருந்த கத்தோலிக்கச் சனமே அரோகரா சொல்லிற்று. பாதிரியார் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைத் துடைத்தாராம். கொட்டில்களில் இருந்த பிள்ளைகளுக்கு உடுப்பும் கொப்பியும் போய்ச் சேர்ந்தன.

தில்லை அங்கிளின் கதை வேறு. முதல் வருடம் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தார். இரண்டாம் வருடம், கேட்டால் சிரித்தார். மூன்றாம் வருடம் "ஏதோ முருகன் சொல்ல வைச்சார்" என்றார். அதற்குப் பிறகு கல்யாண வீடுகளில் மைக்கைப் பிடித்துச் செய்தே காட்டினார். சனம் வரிசையில் நின்று அவரோடு படம் எடுத்தது.

நானும் பேசாமல்தான் இருந்தேன். கல்யாணம் கட்டி, இரண்டு பிள்ளை பெற்று, மூடி பூட்டுகிற வேலையையும் விட்டுவிட்டேன். ஒருநாள் ஒரு பிறந்தநாள் விழாவில் கையில் ரோல்ஸ் தட்டோடு நிற்கிறேன். ஒரு டாக்ஸிக்காரர் தில்லை அங்கிளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு சொல்கிறார், தான் வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு பேஸ்மண்ட் அறையில் தனியாகக் கிடந்தாராம். கிறிஸ்மஸ் அன்று இந்தக் கசெட்டைப் போட்டாராம். "அந்தச் சத்தம் வந்தாப் பிறகுதான் அண்ணை, இந்த ஊரிலயும் எங்கட ஆக்கள் இருக்கினம் எண்டு எனக்குப் பட்டது." அங்கிள் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தார். நான் தட்டிக்கொடுக்க வேண்டிய முதுகு அல்லவா அது! பொறாமையில் எனக்கு ரோல்ஸ் இறங்கவில்லை.

டாக்ஸிக்காரர் நகர்ந்ததும் அங்கிளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

"பிள்ளை, உம்மோட சேத்து எட்டுப் பேர் இப்பிடி வந்து சொல்லிப்போட்டினம். பொம்பிளைப் பிள்ளை ஒண்டு வந்து சொல்லுறது இதுதான் முதல் தரம்."

வீட்டுக்கு வருகிற வழியில் கணவரும் பிள்ளைகளும் காருக்குள் உருண்டு சிரித்தார்கள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அன்று எங்களைப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரே சாட்சி பிலோமினா அன்ரி. அவர் ஒஷாவாவில் மகளோடு இருந்தார். அடுத்த ஞாயிறே குடும்பத்தை ஏற்றிக்கொண்டு போனேன். தேத்தண்ணி வந்ததும் அந்த அரோகரா யார் என்று இவர்களுக்குச் சொல்லுங்கள் என்றேன். அன்ரி தேத்தண்ணிக் கோப்பையை மேசையில் வைத்தார்.

"இந்தப் பிள்ளையோ? நான் இவவுக்கு வாயே திறக்கப்படாது எண்டு சொல்லி வைச்சனான். சொல்வழி கேக்கிற பிள்ளை. திறந்திருக்கமாட்டா."

கணவர் சிரிப்பை அடக்கக் காரைச் சூடாக்கப் போனார், பிள்ளைகளும் பின்னால் ஓடினார்கள். அன்ரி என் கையைப் பிடித்தார்.

"பிள்ளை, நான் உமக்கு நேர முன்னாலதான் நிண்டனான். உம்மட வாயைப் பாத்துக்கொண்டுதான் மணி அடிச்சனான்."

"அப்ப ஏன் அன்ரி ஒருதருக்கும் சொல்லேல்லை?"

"நீர் வந்து சொல்லுவீர் எண்டு காத்துக்கொண்டு இருந்தனான். எத்தினை வருசம் இருந்தனான். இனி நீர் இருந்து பாரும்."

அவர் முகத்தில் கோபம் துளியும் இல்லை. சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன், அவர் என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். ஆனால் வாசலுக்கு வந்து என் குடும்பத்திடம் உண்மையைச் சொல்லும்படி எவ்வளவு கெஞ்சியும் மறுத்துவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாராவது நம்பமுடியாத ஒன்றைச் சொன்னால் பதில் ஒன்றுதான். கோப்பைகளைத் தான் கழுவியதாகக் கணவர் சொன்னால், மகள் "ஷுவர் அப்பா, அரோகராவும் நீங்கள்தான்" என்பாள். கணவரின் தமக்கை வீட்டுக்கும் பரவி, இப்போது லண்டனிலும் அப்படித்தான் சொல்கிறார்களாம். நான் ஒவ்வொரு தரமும் சண்டை பிடிப்பேன், அது உண்மை, உண்மைக்குப் போய் இப்படிச் சொல்லலாமா என்று. போன கிழமை சின்னவன் பல் தீட்டாமலே தீட்டிவிட்டேன் என்று வந்து நின்றான். பிரஷ் காய்ந்து கிடந்தது. நான் அவனை ஒருதரம் பார்த்தேன், பிரஷை ஒருதரம் பார்த்தேன்.

"ஓம் ஓம், அரோகராவும் நீதான்" என்று என் வாயே சொல்லிவிட்டது.